ஒரே டிடெக்டரில் வயலும் கடற்கரையும்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

"எல்லா நிலத்துக்கும் ஏற்ற மெட்டல் டிடெக்டர்" என்று கடைக்காரர் சொன்னால், "எந்தெந்த நிலம்?" என்று திருப்பிக் கேளுங்கள். உழுத வயல், குப்பை மண்டிய பூங்கா, கடற்கரை ஈர மணல், இரும்புக்கல் கலந்த செம்மண் தங்க வயல் ஆகிய நாலும் டிடெக்டருக்கு நாலு தனிப் பரீட்சை. முதல் மூன்றிலும் நல்ல மதிப்பெண் வாங்கும் கருவிகள் இன்று நடுத்தர விலையிலேயே உண்டு. நாலாவதையும் சேர்த்து ஒரே கருவியில் தருகிறேன் என்பவர் எதையாவது மறைக்கிறார்.

அதனால் கருவிப் பட்டியலைப் புரட்டும் முன் இடப் பட்டியலை எழுதுங்கள். அடுத்த ஒரு வருடத்தில் எங்கெல்லாம் போகப் போகிறீர்கள், ஒவ்வொன்றுக்கும் மாதம் எத்தனை தடவை? அடிக்கடி போகும் இடங்களில் எது மிகக் கடுமையான மண்ணோ, அதுதான் கருவியை முடிவு செய்யும். வருடத்தில் ஒரு தடவை போகும் கடலுக்காக நீர்புகாக் கருவிக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை. வாரந்தோறும் கடற்கரைக்குப் போகிறவர், உப்பு ஈரத்தில் தடுமாறும் ஒற்றை அதிர்வெண் கருவி வாங்கினால் மூன்றாவது வாரமே விற்கத் தோன்றும்.

முதலில் பட்டியலைக் கத்தரியுங்கள்

எழுதிய இடங்களில் அனுமதி இல்லாதவற்றை அடித்துவிடுங்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் எங்கும் தேடக் கூடாது. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் எழுத்து மூலமான அரசு ஒப்புதல் இல்லாமல் டிடெக்டரைப் பயன்படுத்துவதே 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்துக்குள் வரும் பொருளைக் கண்டெடுத்தால் 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். லண்டன் தேம்ஸ் ஆற்றங்கரைக்குத் துறைமுக ஆணையத்தின் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் தங்கம் தேட 'மைனர்ஸ் ரைட்' என்ற உரிமம் எடுக்க வேண்டும். அது 10 வருடம் செல்லும், ஆனால் தேசியப் பூங்காக்களில் சிலவற்றுக்கு மட்டுமே செல்லும். அமெரிக்காவில் நகரப் பூங்காக்களின் விதி ஊருக்கு ஊர் வேறுபடும். கூட்டாட்சி அரசின் நிலத்தில் 100 வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை எடுப்பதை 1979ஆம் ஆண்டின் இன்னொரு சட்டம் தடுக்கிறது.

இந்தியாவில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் தோண்டவே முடியாது. இலங்கையில் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அனுமதியில்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். அங்கே வடக்கில் இன்னும் கண்ணிவெடி அகற்றி முடியாத நிலங்களும் உண்டு. பொழுதுபோக்கு டிடெக்டர் கண்ணிவெடி தேடும் கருவி அல்ல. அந்தப் பக்கம் அதைத் தூக்கிக்கொண்டு போகவே கூடாது.

இந்தக் கத்தரிப்புக்குப் பிறகு பலருடைய பட்டியலில் இரண்டு இடம்தான் மிஞ்சும். அங்கேயே பாதிப் பணம் மிச்சமாகும்.

அதிர்வெண்: எல்லாம் இதிலிருந்து தொடங்குகிறது

சந்தையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை வி.எல்.எஃப்., அதாவது மிகத் தாழ்ந்த அதிர்வெண் வகை. தண்டின் அடியில் உள்ள தட்டுதான் காயில். அதில் உள்ள அனுப்பும் சுருள், நொடிக்குப் பல ஆயிரம் தடவை திசை மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் செலுத்துகிறது. உலோகம் குறுக்கிட்டால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகிறது. அந்த மின்னோட்டம் எழுப்பும் எதிர்ப்புலத்தை வாங்கும் சுருள் பிடிக்கிறது. அது எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பதை வைத்து இரும்பா, அலுமினியமா, வெள்ளியா என்று கருவி ஊகிக்கிறது.

4 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரையான தாழ்ந்த அதிர்வெண், கனமான வெள்ளிக் காசு, செம்புப் பொருள் ஆகியவற்றை ஆழத்தில் நன்றாகப் பிடிக்கும். 40 கிலோஹெர்ட்ஸும் அதற்கு மேலும் போனால் மெல்லிய தோடு, கடுகளவு தங்கத் துணுக்கு, நாலில் ஒன்றாக வெட்டிய இடைக்கால வெள்ளிப் பென்னி போன்றவை கேட்கத் தொடங்கும். ஆனால் மண்ணின் கனிமமும் சேர்ந்து சத்தம் போடும். இரண்டுக்கும் நடுவே 12 முதல் 15 கிலோஹெர்ட்ஸில்தான் ஒற்றை அதிர்வெண் பொதுக் கருவிகள் பல நிற்கின்றன. கேரட் நிறுவனத்தின் ஏ.டி. புரோவும் நோக்டா நிறுவனத்தின் சிம்ப்ளெக்ஸ் அல்ட்ராவும் 15 கிலோஹெர்ட்ஸ். வயலுக்கும் பூங்காவுக்கும் உலர்ந்த மணலுக்கும் இவை போதும்.

உப்பு ஈரம் வந்ததும் கதை மாறுகிறது. உப்பு நீர் மின்சாரம் கடத்தும். அதனால் டிடெக்டருக்கு அதுவும் ஒரு பெரிய, மெல்லிய உலோகத் தகடு போலத்தான் தெரியும். மண்ணின் சத்தத்தைக் கழிக்கும் அமைப்பான கிரவுண்ட் பேலன்ஸை உப்புக்குச் சரிசெய்யலாம், அல்லது மண்ணில் உள்ள காந்தக் கனிமத்துக்குச் சரிசெய்யலாம். ஒற்றை அதிர்வெண்ணில் ஒரே நேரத்தில் இரண்டையும் அடக்க முடியாது. உப்பு நனைந்த கருமணலில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. உணர்திறனைக் குறைத்துக்கொண்டே போனால் கருவி ஒரு கட்டத்தில் அமைதியாகும். அதற்குள் மோதிரமும் கேட்காத நிலைக்கு வந்திருக்கும்.

இதற்கான தீர்வு, பல அதிர்வெண்களை ஒரே நேரத்தில் அனுப்பி, அவற்றின் பதில்களை ஒப்பிட்டு உப்பையும் கனிமத்தையும் கழித்துவிடும் கருவி. மைன்லேப் நிறுவனம் இதை மல்டி-ஐ.க்யூ. என்கிறது. எக்ஸ்.பி. நிறுவனம் எஃப்.எம்.எஃப். என்கிறது. பெயர் எதுவானாலும் நீங்கள் பார்க்க வேண்டியது 'ஒரே நேரத்தில்' என்ற சொல் மட்டுமே. விளம்பரங்களில் 'பல அதிர்வெண்' என்று இரண்டு விதமான கருவிகளையும் எழுதுவார்கள். மைன்லேப் எக்ஸ்-டெரா புரோவில் 5, 8, 10, 15 கிலோஹெர்ட்ஸ் உண்டு. ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நல்ல வயல் கருவிதான், ஈரக் கடற்கரைக்கு அது பல அதிர்வெண் கருவி அல்ல. பெட்டியில் நாலு எண்களைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம்.

எனவே பட்டியலில் ஈர மணல் இருக்கிறதா? ஒரே நேரத்தில் பல அதிர்வெண் அனுப்பும் கருவியைத் தவிர வேறெதையும் பார்க்க வேண்டாம். இல்லையா? ஒற்றை அதிர்வெண் கருவி வாங்கி மிஞ்சும் பணத்தில், குழிக்குள் பொருளைத் தேடும் நல்ல பின்பாயிண்டரும் இரண்டாவது காயிலும் வாங்கலாம்.

தங்க வயலை ஏன் தனியாக வைக்கிறோம்

விக்டோரியாவின் தங்க முக்கோணத்திலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் மண்ணில் இரும்புக் கனிமம் மிகுதி. வி.எல்.எஃப். கருவி அங்கே மண்ணையே உலோகமாகக் கேட்கும். இரும்புக் கனிமம் செறிந்த கற்கள் ஒவ்வொன்றும் ஒரு பொய் சிக்னல். பல்ஸ் இண்டக்‌ஷன் கருவி வேறு வழியில் வேலை செய்கிறது. மின்துடிப்பை அனுப்பிவிட்டு நிறுத்தி, சில மைக்ரோ நொடிகள் காத்திருந்து, அதற்குப் பிறகு எஞ்சும் எதிரொலியைக் கேட்கிறது. மண்ணின் பதில் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும், உலோகத்தின் பதில் மட்டும் நீடிக்கும். கேரட் ஆக்சியம், மைன்லேப் ஜி.பி.எக்ஸ். 6000 இந்த வகை. விலை பொதுக் கருவியைப் போல் சில மடங்கு.

அதைப் பூங்காவுக்கு எடுத்துப் போனால் என்ன ஆகும்? இரும்பையும் மற்றதையும் பிரித்துச் சொல்லும் திறன் அதில் மிகக் குறைவு. ஒவ்வொரு ஆணிக்கும் தோண்ட வேண்டும். ஆகவே தங்க வயல் உங்கள் முதன்மை இடமென்றால் அதற்கான கருவியை வாங்குங்கள், பல்துறைக் கருவி என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். எப்போதாவது ஒரு தடவை, கனிமம் குறைந்த ஓடைக்கரையில் மேலாகத் தேடிப் பார்க்கத்தான் என்றால், தங்கத்துக்கான தனித் தேடல் முறையும் 40 கிலோஹெர்ட்ஸும் கொண்ட பல அதிர்வெண் கருவி சமாளிக்கும்.

காயில்: ஆழத்தை விட முக்கியமானது

பெரிய காயில் ஆழமாகப் போகும் என்பது உண்மைதான். ஆனால் அது ஒரே நேரத்தில் அதிக மண்ணையும் பார்க்கிறது. கனிம மண்ணில் அந்த அதிக மண்ணின் இரைச்சலும் சேர்ந்து வரும். குப்பை நிலத்தில் ஒரே வீச்சில் மூன்று ஆணியும் ஒரு காசும் காயிலுக்குக் கீழே வந்தால் கருவி நாலையும் கலந்து ஒரு சத்தம் போடும்.

பொதுப் பயன்பாட்டுக்கு 11 அங்குல வட்டக் காயில் அல்லது 12×9 அங்குல நீள்வட்டக் காயில் போதும். சாதாரண மண்ணில், ஒரு நடுத்தரக் காசை 6 முதல் 8 அங்குல ஆழத்தில், திரையில் உலோக வகையைக் காட்டும் தெளிவான எண்ணோடு சொன்னால் நல்ல கருவி. அதற்குக் கீழே சத்தம் கேட்கலாம், எண்ணை நம்ப முடியாது. "2 அடி ஆழம்" என்ற விளம்பரத்தைக் கண்டால், பானை அளவு பொருளை நினைத்து எழுதியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது காயில் வாங்க முடிந்தால் பெரியதை வாங்காதீர்கள், சின்னதை வாங்குங்கள். 6 அங்குலக் காயில், இடிந்த வீட்டடி மண்ணிலும் பழைய சந்தைத் திடலிலும் ஆணிகளுக்கு நடுவே புகுந்து வேலை செய்யும். 15×12 அங்குலக் காயில் விரிந்த, சுத்தமான உழவு நிலத்துக்குத்தான் லாபம். அதன் எடையை மூன்று மணி நேரம் தோள்பட்டை சுமக்க வேண்டும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

சுருள் அமைப்பில் இரண்டு வகை பரவலாக இருக்கின்றன. வட்டத்துக்குள் வட்டமாகச் சுருள் வைத்த கான்சென்ட்ரிக் காயில் கூம்பு வடிவில் கீழே பார்க்கும். மென்மையான மண்ணில் இடத்தைக் குறிவைப்பது எளிது, கனிம மண்ணில் தடுமாறும். இரண்டு 'டி' எழுத்துகளை முதுகோடு முதுகாக வைத்தது போன்ற டபுள் டி காயில், நடுக்கோட்டில் முன்பின்னாக ஒரு மெல்லிய பட்டையை மட்டும் பார்க்கிறது. அதனால் கனிம மண்ணில் அமைதியாக இருக்கும், பக்கத்துப் பொருள்களையும் நன்றாகப் பிரிக்கும். பல்துறைக் கருவிக்கு டபுள் டி.

வாங்கும் முன் அந்தக் கருவிக்கு எத்தனை அளவுக் காயில்கள் விற்பனையில் உள்ளன என்று பாருங்கள். ஒரு கம்பெனியின் காயில் இன்னொன்றுக்குப் பொருந்தாது. ஒரே கம்பெனியிலேயே மாடல் மாறினால் பெரும்பாலும் பொருந்தாது. மைன்லேப் எக்வினாக்ஸ் 600, 800இன் காயில்கள் 700, 900க்கும் பொருந்துவது நல்ல விதிவிலக்கு. பயன்படுத்திய பழைய காயில் தேடுகிறவர்களுக்கு உதவும்.

ஆணிகளுக்கு நடுவே காசு

பழைய குடியிருப்பு இருந்த இடங்களில்தான் காசும் கிடைக்கும், ஆணியும் கிடைக்கும். இங்கே கருவியின் மீட்சி வேகம் பேசுகிறது. ஒரு பொருளுக்குப் பதில் சொல்லி முடித்து அடுத்த பொருளைக் கேட்கத் தயாராகும் நேரம் அது. மீட்சி மெதுவாக இருந்தால், ஆணியை ஒதுக்கும் அமைதியிலேயே பக்கத்துக் காசும் விழுங்கப்பட்டுவிடும். வேகத்தைக் கூட்டினால் பிரித்துக் கேட்கும், ஆனால் ஆழம் கொஞ்சம் குறையும். எனவே கருவியில் இதை மாற்றும் வசதி வேண்டும். குப்பை நிலத்தில் உயர்த்தி, சுத்தமான வயலில் தாழ்த்தி வைக்க வேண்டும்.

இரும்பை முழுக்க ஊமையாக்கும் பழக்கம் வேண்டாம். பெரிய தட்டையான துருப்பிடித்த இரும்பு, வளைந்த ஆணி, பாட்டில் மூடி எல்லாம் உயர்ந்த எண்ணோடு நல்ல உலோகம் போல நடிக்கும். தாழ்ந்த குரலில் இரும்பையும் கேட்டுக்கொண்டிருந்தால் நல்ல சத்தத்தின் விளிம்பில் ஒட்டிய உறுமலைக் கவனிக்கலாம். சந்தேகம் வந்தால் 90 பாகை சுற்றி நின்று மறுபடி ஆட்டுங்கள். காசு எந்தப் பக்கமிருந்தும் கிட்டத்தட்ட ஒரே எண் சொல்லும். ஆணி ஒரு பக்கம் கத்தி, மறுபக்கம் காணாமல் போகும்.

இரும்பும் சில நேரம் வரலாற்றுப் பொருள்தான். 1992இல் இங்கிலாந்தின் ஹாக்ஸ்ன் கிராமத்தில் ரோமானியப் புதையல் கிடைத்ததே ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடப் போனதால். சுத்தியலும் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது.

திரையில் வரும் எண்ணும் 22 காரட்டும்

எண் தாழ்ந்திருந்தால் இரும்பு, அதற்கு மேல் அலுமினியத் தாள், நடுவில் குளிர்பான டின்னின் இழுப்பு வளையம், உச்சியில் செம்பும் வெள்ளியும் என்பது பொதுவான வரிசை. தங்கம் இந்த வரிசையில் அலுமினியத் தாளில் தொடங்கி இழுப்பு வளையத்தையும் தாண்டிப் பரவி நிற்கிறது. எந்தக் கருவியாலும் தங்க மோதிரத்தையும் டின் வளையத்தையும் உறுதியாகப் பிரிக்க முடியாது. "தங்கம் மட்டும் காட்டும்" என்று விற்கப்படும் எதையும் வாங்காதீர்கள். நீண்ட ஆன்டெனாக் கம்பி கட்டி, "நூறு மீட்டர் தூரத்துப் புதையலைக் காட்டும்" என்று விற்பவை வெறும் ஏமாற்று.

கையேட்டில் உள்ள எண் அட்டவணையை நம் வீட்டுத் தங்கத்துக்கு அப்படியே பொருத்தக் கூடாது. மேற்கத்திய மோதிரங்களில் 9, 14, 18 காரட் அதிகம். கலப்படம் கூடக் கூடத் தங்கத்தின் மின்கடத்தும் திறன் குறையும். அதனால் அதே அளவு 22 காரட் மோதிரம் பொதுவாக இன்னும் உயர்ந்த எண் காட்டும். கனமான வளையல் வெள்ளியின் எண் வரை ஏறலாம். மெல்லிய மூக்குத்தி அலுமினியத் தாளின் எண்ணில் கிடக்கும்.

சங்கிலி தனிப் பிரச்சினை. மோதிரம் முழு வளையம் என்பதால் சுழல் மின்னோட்டம் அதில் தடையில்லாமல் ஓடி வலுவான சிக்னல் தரும். சங்கிலியில் கண்ணிகள் சும்மா தொட்டுக்கொண்டிருப்பதால், கருவிக்கு அது சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் தெரியும். மூன்று பவுன் சங்கிலி தொலைந்த இடத்தில் ஒரு ரூபாய் அகல மோதிரத்தை விட மெல்லிய சத்தமே கேட்கும். பல நேரம் கொக்கி மட்டும்தான் கேட்கும். கடற்கரையில் சங்கிலி தேடுவதுதான் நோக்கம் என்றால், சின்னக் காயிலும் உயர் அதிர்வெண்ணுக்குச் சாயும் முறையும் உள்ள கருவியைப் பாருங்கள். சின்னத் தாள் துணுக்கையும் தோண்டத் தயாராக இருங்கள்.

நீர்புகாமை: எவ்வளவு, எதுவரை?

"நீர்புகாது" என்ற ஒற்றைச் சொல் போதாது. சில கருவிகளில் காயில் மட்டும்தான் நீரில் நனையலாம். மைன்லேப் வான்குவிஷ் வரிசையில் காயில் 1 மீட்டர் வரை தாங்கும், மேலே உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி தாங்காது. கரையோரம் நடப்பதற்குச் சரி. அலை தட்டி விழுந்தால் கருவி போச்சு. எக்வினாக்ஸ் 700, 900 முழுவதுமாக 5 மீட்டர் வரை. எக்ஸ்.பி. டியூஸ் 2 உடன் 20 மீட்டர் வரை மூழ்கலாம்.

ரேடியோ அலை நீருக்குள் ஊடுருவாது என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. வயர்லெஸ் ஹெட்போன் காதும் கருவியும் நீருக்கு மேலே இருக்கும்வரைதான் வேலை செய்யும். தலையை முக்கினால் நீர்புகாத கம்பி ஹெட்போன் வேண்டும், அது தனி விலை. டியூஸ் 2இன் காயிலும் கம்பியில்லாமல் பேசும் வகை என்பதால், மூழ்கித் தேட அதற்குரிய ஆன்டெனாக் கம்பியைப் பூட்ட வேண்டும். கரையில் சாதாரண புளூடூத் ஹெட்போன் போட்டால் சத்தம் தாமதமாக வரும். காயில் கடந்து போன பிறகு கேட்கும், தோண்டும் இடம் தவறும். கருவியோடு வரும் குறைந்த தாமத வகையையே போடுங்கள்.

உப்பு நீரில் இறக்கிய கருவியை அன்றே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். காயிலின் அடிமூடியைக் கழற்றி உள்ளே சேர்ந்த மணலையும் கழுவுங்கள். ஈரக் கருமணல் மூடிக்கும் காயிலுக்கும் நடுவே தங்கினால் காரணம் தெரியாத பொய் சிக்னல்கள் வந்துகொண்டே இருக்கும். தண்டில் காயில் வயர் தளர்ந்து ஆடினாலும் இதே தொல்லைதான்.

என்ன வாங்கலாம்

உலர்ந்த நிலம் மட்டும், பணம் குறைவு என்றால் நோக்டா சிம்ப்ளெக்ஸ் அல்ட்ரா அல்லது மைன்லேப் எக்ஸ்-டெரா புரோ. இரண்டும் முழுக்க நீர்புகாதவை என்பதால் ஏரி, ஆறு போன்ற நன்னீரிலும் இறங்கலாம்.

வயல், பூங்கா, கடற்கரை நடை என்று கலந்து போகிறவர், நீரில் இறங்காதவர் என்றால் வான்குவிஷ் 440 அல்லது 540. கிரவுண்ட் பேலன்ஸைக் கையால் மாற்ற முடியாது, தானாகவே சரிசெய்துகொள்ளும். புதியவருக்கு அது வசதி, பழகியவருக்கு எரிச்சல்.

பல்துறை என்ற சொல்லுக்கு உண்மையில் பொருந்துவது அதற்கு அடுத்த படி: நோக்டா லெஜண்ட், எக்வினாக்ஸ் 700, எக்வினாக்ஸ் 900. 700இல் தங்கத்துக்கான முறையும் 20, 40 கிலோஹெர்ட்ஸும் கிடையாது. 900இல் உண்டு, கூடவே 6 அங்குலக் காயிலும் வருகிறது. லெஜண்டிலும் தங்க முறையும் 40 கிலோஹெர்ட்ஸும் உண்டு. வேறு காரணம் இல்லாவிட்டால் இந்தப் படியிலேயே நின்றுவிடலாம் என்பதுதான் எங்கள் கருத்து. இதற்கு மேலே உள்ள மைன்லேப் மான்டிகோரும் டியூஸ் 2வும் சிறந்த கருவிகள்தான். ஆனால் அவற்றின் கூடுதல் திறனைப் பயன்படுத்தக் காது பழகியிருக்க வேண்டும். டியூஸ் 2இன் பெரிய பலம் எடை: முக்கால் கிலோதான். மற்றவை ஒன்றேகால், ஒன்றரை கிலோ. தோள் வலி உள்ளவர் ஆழத்தை மறந்து எடையைப் பார்த்து வாங்கலாம், தப்பே இல்லை.

கையில் எடுத்துச் சோதிப்பது எப்படி

கடைக்குள் மின்கம்பி, டியூப் லைட், வைஃபை எல்லாம் இரைச்சல் போடும். வெளியே எடுத்து வரச் சொல்லுங்கள். உங்கள் கைபேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள்.

சோதனைப் பொருள்களைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். இப்போதைய இந்திய 1, 2 ரூபாய் நாணயங்கள் காந்தத்தில் ஒட்டும் எஃகு. பிரிட்டனின் 1992க்குப் பிந்தைய 1, 2 பென்ஸ் செம்பு முலாம் பூசிய எஃகு. இவற்றைப் போட்டுப் பார்த்து "கருவி காசை இரும்பு என்கிறது" என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. கருவி சொன்னது சரிதான். ஒரு மெல்லிய தங்கத் தோடு, ஒரு பழைய வெள்ளிக் காசு, ஒரு செம்புக் காசு, ஒரு டின் வளையம், இரண்டரை அங்குல ஆணி இரண்டு கொண்டுபோங்கள்.

1. இயக்கியதும் முதலில் இரைச்சல் நீக்கம். காயிலை அசைக்காமல் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

2. அடுத்து கிரவுண்ட் பேலன்ஸ். உலோகம் இல்லாத இடத்தில் காயிலை மண்ணுக்கு மேல் 3 செ.மீ.க்கும் 15 செ.மீ.க்கும் இடையே மெதுவாக ஏற்றி இறக்குங்கள். சத்தம் அடங்கினால் சரியாகிவிட்டது. அடியில் உலோகம் இருக்கும் இடத்தில் இதைச் செய்தால் நாள் முழுக்கத் தப்பாகவே கேட்கும்.

3. உணர்திறனை முக்கால் அளவில் வையுங்கள். உச்சத்துக்கு ஏற்ற வேண்டாம். பொய்ச் சத்தம் வந்தால் ஒரு படி குறையுங்கள்.

4. வெள்ளிக் காசை மண்மீது வைத்து, இரண்டு பக்கமும் 5 செ.மீ. தள்ளிப் பக்கத்துக்கு ஒரு ஆணி. நாலு திசையிலிருந்தும் ஆட்டிப் பாருங்கள். மூன்று திசையிலாவது காசு தனியாகக் கேட்க வேண்டும். மீட்சி வேகத்தைக் கூட்டி, குறைத்து மறுபடி கேளுங்கள். வித்தியாசம் உடனே புரியும்.

5. தோட்டைத் தரையில் வைத்து, காயிலை 5 செ.மீ. உயரத்தில் ஆட்டுங்கள். கேட்கவில்லை என்றால் கடற்கரை நகைத் தேடலுக்கு அந்த அமைப்பு ஆகாது. முறையை மாற்றி மறுபடி பாருங்கள்.

6. கடற்கரை தொலைவா? காயிலை விட அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் 20 லிட்டர் தண்ணீரும் 700 கிராம் உப்பும் கரைத்தால் கிட்டத்தட்டக் கடல் நீர்தான். அதற்கு மேலே கடற்கரை முறையில் ஆட்டுங்கள். உணர்திறனைப் பாதிக்குக் கீழே இறக்கினால்தான் அடங்குகிறது என்றால், ஈர மணலில் அது உங்களைப் படுத்தும்.

7. கடைசியாக அரை மணி நேரம் சும்மா ஆட்டிக்கொண்டு நடங்கள். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்த் திரும்ப இரண்டு, மூன்று நொடி, காயில் தரைக்கு 2, 3 செ.மீ. மேலே. முழங்கை வலித்தால் தண்டின் நீளத்தையும் கைதாங்கியையும் மாற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

காற்றில் காசை ஆட்டி ஆழம் அளப்பது இரண்டு கருவிகளை ஒப்பிட மட்டும் உதவும். மண்ணுக்குள் அந்த ஆழம் கிடைக்காது.

மற்றதற்கும் பணம் ஒதுக்குங்கள்

கைப்பணம் முழுவதையும் கருவியில் போட்டுவிட்டுத் தோட்டக் கரண்டியால் தோண்டுகிறவர் ஒரு மணி நேரத்தில் களைத்துப் போவார். மொத்தப் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்குங்கள். முதலில் பின்பாயிண்டர். குழிக்குள் விட்டுப் பொருள் எந்தப் பக்கம் என்று காட்டும் கைக்கருவி அது. இல்லாமல் போனால் ஒரு குழிக்கு ஆகும் நேரம் இரண்டு மடங்காகும், காசிலும் மண்வெட்டி பட்டு வெட்டு விழும். பிறகு வயலுக்குக் கூரான எஃகு மண்வெட்டி, மணலுக்கு அள்ளிச் சலிக்கும் துளையிட்ட எஃகு அரிப்பு. பிளாஸ்டிக் அரிப்பு உலர் மணலுக்கு மட்டும், ஈர மணலில் பிடி முறியும்.

புல்தரையில் மூன்று பக்கம் வெட்டி நாலாவது பக்கத்தைக் கீல் போல விட்டுப் புரட்டுங்கள். மண்ணை ஒரு துணியில் கொட்டினால் திருப்பிப் போடுவது சுலபம். கோடையில் தரை காய்ந்திருக்கும்போது புல்லை வெட்டாதீர்கள். வெட்டிய வட்டம் பழுப்பாகி, அடுத்தவருக்குக் கிடைக்க வேண்டிய அனுமதியும் போய்விடும்.

பழைய கருவி வாங்குவதென்றால் மின்கலன் பெட்டியைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். காயில் வயர் காயிலுக்குள் நுழையும் இடத்தை மெதுவாக வளைத்து ஆட்டுங்கள். சத்தம் விட்டு விட்டு வந்தால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. காயிலைப் பிடிக்கும் காதுகளில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். நீர்புகா மாடல் என்றால் திரையின் உள்பக்கம் பனி படிந்த அடையாளம் இருக்கவே கூடாது. மைன்லேப் பெயரில், குறிப்பாகத் தங்கக் கருவிகளில், போலிகள் நிறைய நடமாடுகின்றன. வரிசை எண்ணைப் படமெடுத்து அனுப்பி நிறுவனத்திடமே உறுதி செய்துகொண்ட பிறகு பணம் கொடுங்கள். வரிசை எண் தர மறுக்கும் விற்பனையாளரிடம் பேரம் பேசாதீர்கள்.